ஒற்றை வயர் எப்படிப் போதும்? சைக்கிள் டைனமோ வயரிங், முதல்முறை செய்பவர்களுக்கு

அப்பாவின் கறுப்பு சைக்கிளில் முன்சக்கரத்தை ஒட்டி ஒரு டைனமோ இருந்தது. பார்க்க பாட்டில் மாதிரி இருக்கும், அதனால் பாட்டில் டைனமோ என்றே பெயர். மேலே உள்ள பிடியை அமுக்கினால் ஸ்பிரிங் அதைத் தள்ளி டயரின் பக்கவாட்டில் சாய்த்துவிடும். சக்கரம் உருள உருள அதன் தலையும் சுற்றும். ஒரு ரீங்காரத்தோடு முன்விளக்கு மஞ்சளாக எரியும். பின்னால் கேரியரில் உட்கார்ந்து வரும்போது, அப்பா மேட்டில் மூச்சு வாங்கி மிதித்தால் வெளிச்சம் மங்குவதும், இறக்கத்தில் பளிச்சென்று எழுவதும் எனக்குப் பெரிய வேடிக்கை.

அப்போது ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரே ஒரு வயர்தான் போகிறது. வீட்டில் பல்பு ஹோல்டருக்கு இரண்டு வயர் வருகிறது. டார்ச் லைட்டில்கூட செல்லின் இரண்டு பக்கமும் தொட்டால்தான் எரியும். சைக்கிளுக்கு மட்டும் ஒன்று எப்படிப் போதும்?

பதிலைத் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் கையால் காட்டினார். ஒருநாள் விளக்கு எரியவில்லை என்று வண்டியை எடுத்துப்போனோம். அவர் பல்பைத் தொடவில்லை, வயரையும் இழுத்துப் பார்க்கவில்லை. டைனமோவை ஃபோர்க்கில் பிடித்திருக்கும் கிளாம்பில் கூர்முனை உள்ள ஒரு சின்னத் திருகு இருந்தது. அதைக் கழற்றி, அது உட்கார்ந்த இடத்தில் பெயின்ட்டை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டினார். இரும்பு பளபளவென்று தெரிந்ததும் திருகை மறுபடி இறுக்கினார். முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று விட்டார். விளக்கு எரிந்தது.

"எர்த் புடிக்கல தம்பி, அவ்வளவுதான்" என்றார்.

அந்த சைக்கிளின் இரும்பு உடம்புதான் இரண்டாவது வயர். அவர் எர்த் என்றது அதைத்தான். டைனமோவிலிருந்து வயர் வழியாக விளக்குக்குப் போன மின்சாரம், விளக்கின் தகர உடல், ஹேண்டில் பார், ஃபோர்க்கு என்று இரும்பு வழியாகவே திரும்பி டைனமோவுக்கு வருகிறது. பெயின்ட்டைத் துளைத்து இரும்பைத் தொடத்தான் அந்தத் திருகுக்குக் கூர்முனை. கொஞ்சம் துரு ஏறினாலோ, புதிதாக யாராவது பெயின்ட் அடித்தாலோ பாதை அறுந்துவிடும்.

இன்று நான் பல சைக்கிள்களுக்கு டைனமோ வயர் இழுத்துக் கொடுத்திருக்கிறேன். எரியாத விளக்கோடு என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது "பல்பு போயிடுச்சு" அல்லது "டைனமோ போயிடுச்சு". பெரும்பாலும் இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு ஒன்று திரும்பும் பாதையில் இருக்கும், இல்லையென்றால் வயரின் முனையில் இருக்கும். இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் டைனமோ வயரிங்கில் முக்கால்வாசி வேலை முடிந்தது.

டைனமோ எப்படிப்பட்ட ஆள்

நாம் டைனமோ என்று கூப்பிட்டாலும் அது ஏசி மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டர்தான். உள்ளே நிரந்தரக் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கின்றன. ஒன்று சுற்ற, மற்றொன்றில் மின்சாரம் பிறக்கிறது. ஏசி என்பதால் திசை மாறி மாறி ஓடும். டைனமோவின் இரண்டு முனைகளில் பிளஸ், மைனஸ் என்ற பேதம் இதனால்தான் கிடையாது. ஆனால் எர்த் என்ற பேதம் உண்டு, அது பின்னால் வரும்.

டைனமோவில் '6V 3W' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆறு வோல்ட்டில் மூன்று வாட், அதாவது அரை ஆம்பியர். இது ஐரோப்பாவில் பழகிப்போன அளவு. இந்த மூன்று வாட்டைப் பழைய பல்பு காலத்தில் முன்விளக்குக்கு 2.4, பின்விளக்குக்கு 0.6 என்று பங்கு போட்டுக் கொடுத்தார்கள்.

டைனமோவை வீட்டு மின்சாரம் போலவோ பேட்டரி போலவோ நினைத்தால் வழிதவறிப் போவோம். பேட்டரி தன் வோல்ட்டேஜை ஏறக்குறைய மாறாமல் வைத்துக்கொண்டு, கேட்ட கரன்ட்டைக் கொடுக்கும். டைனமோ இதற்கு நேர்மாறு. சக்கரம் வேகமாகச் சுற்றினால் உள்ளே பிறக்கும் வோல்ட்டேஜ் ஏறும். கூடவே ஏசியின் அதிர்வெண்ணும், அதாவது ஒரு நொடியில் அது திசை மாறி மாறி ஓடும் தடவையும் ஏறும். அதிர்வெண் ஏறினால் கம்பிச்சுருளே கரன்ட்டைத் தடுக்கும் அளவும் ஏறும். ஏற்றமும் தடையும் சேர்ந்தே வளர்வதால், ஒரு வேகத்துக்கு மேல் நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் கரன்ட் சுமார் அரை ஆம்பியரிலேயே நின்றுவிடும். எந்த எலக்ட்ரானிக்ஸும் இல்லாமல் வெறும் செம்புக் கம்பியும் காந்தமும் இப்படித் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வது எனக்கு இன்றைக்கும் அழகாகத் தெரிகிறது.

வயரிங் செய்கிறவருக்கு இதனால் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். முதலாவது, டைனமோவின் இரண்டு முனையும் தவறுதலாக ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆனாலும் ஒன்றும் வெடிக்காது, வயர் எரியாது. விளக்கு எரியாமல் போகும், அவ்வளவுதான். அதனால் முதல்முறை செய்கிறவர் பயப்படத் தேவையில்லை. இரண்டாவது, எதனோடும் சேராத டைனமோவை வேகமாகச் சுற்றினால் முனைகளில் ஆறு வோல்ட் நிற்காது. பல மடங்கு ஏறும். சக்கரம் சுற்றும்போது அவிழ்ந்த முனைகளைக் கையால் பிடிக்காதீர்கள், சுருக்கென்று தெரியும்.

மூன்றாவது, பழைய பல்பு வண்டி வைத்திருப்பவர்களுக்கானது. பின்பல்பு ஃபியூஸ் ஆனால் அதன் பங்கு கரன்ட்டும் முன்பல்புக்கே போகும், அதன் ஆயுள் குறையும். முன்பல்பு முதலில் போனால் இன்னும் மோசம். 0.1 ஆம்பியருக்காகச் செய்த பின்பல்பின் மேல் அரை ஆம்பியரும் மொத்தமாக விழும், அடுத்த நொடியே அதுவும் போகும். "ரெண்டு பல்பும் ஒரே நேரத்துல போச்சு" என்று சொல்வதன் கதை இதுதான். பின்பல்புக்குப் போகும் வயர் எங்காவது லூஸ் ஆனாலும் இதே விளைவுதான், ஆகவே பல்பை மட்டும் மாற்றிவிட்டு வயரை விட்டுவிட்டால் புதுப் பல்பும் போகும். எல்இடி விளக்குகள் இந்தத் தொல்லையை ஏறக்குறைய ஒழித்துவிட்டன.

சக்கரத்துக்கு நடுவே ஒளிந்திருப்பது

பாட்டில் டைனமோ டயரை உரசி ஓடுகிறது. மழையில் நனைந்த டயரில் அதன் தலை வழுக்கும், சரியாக எரியவேண்டிய அந்த இரவில்தான் விளக்கு அணைந்து அணைந்து எரியும். அதன் அச்சு சக்கரத்தின் மையத்தை நோக்கி நேராக இருக்கவேண்டும். கோணல் ஆனால் டயரையும் தின்னும், மிதிப்பும் கனக்கும்.

ஹப் டைனமோவில் உரசலே இல்லை. முன்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே காந்தமும் சுருளும் இருக்கும். இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1930களிலேயே டைனோஹப் என்ற பெயரில் விற்றது. இன்று ஜெர்மனியின் ஷ்மிட், ஜப்பானின் ஷிமானோ போன்றவர்கள் செய்கிறார்கள். ஜெர்மனியில் 2013 வரை 11 கிலோவுக்கு மேல் எடையுள்ள சைக்கிளில் டைனமோ விளக்கு கட்டாயமாகவே இருந்தது. இந்த விளக்குகள் அங்கே இவ்வளவு தேர்ந்ததற்கு அது முக்கியக் காரணம். நம் ஊரில் 600 கி.மீ. தூரத்தை 40 மணி நேரத்தில் முடிக்கும் பிரெவே என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டக்காரர்கள் சிலரும், நெடும்பயணம் போகிறவர்களும் இப்போது இதைப் பூட்டுகிறார்கள். இரவு முழுக்க ஓட்டும்போது பேட்டரி எப்போது தீரும் என்ற கவலை இருக்காது.

ஹப் டைனமோவுக்கு உடம்பை இரண்டாவது வயராக நம்பும் வழக்கம் இல்லை. இரண்டு வயரும் தனியாகப் போகவேண்டும். அலுமினியம், கார்பன், பிளாஸ்டிக் பிடிகள், பெயின்ட் என்று இன்றைய சைக்கிளில் மின்சாரம் போகும் இரும்புப் பாதை எங்கே அறும் என்று சொல்லமுடியாது. பழைய வண்டிக்கும் நான் இதையே சொல்வேன்: உங்களிடம் பாட்டில் டைனமோ இருந்தாலும் கூடவே இரண்டாவது வயர் ஒன்றை இழுத்துவிடுங்கள். ஐம்பது ரூபாய்க்கும் குறைவான செலவில் பாதிக் கோளாறு வராமலே போகும்.

எந்த வயர்

மோட்டார் பம்புக்குப் போடுவதைப்போல் தடியான வயர் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 0.0175 ஓம் தடை தரும். அரை சதுர மில்லிமீட்டர் வயரை எடுத்துக்கொள்வோம். ஹப்பிலிருந்து முன்விளக்குக்கு ஒரு மீட்டர், போகவர இரண்டு மீட்டர். தடை 0.07 ஓம். அரை ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.035 வோல்ட். ஆறு வோல்ட்டில் இது ஒன்றுமே இல்லை. பின்விளக்குக்கு நீளம் கூடுதல் என்றாலும் அங்கே ஓடும் கரன்ட் மிகக் குறைவு.

மின்சாரக் கணக்குப்படி மெல்லிய வயரே போதும். ஆனால் அது தினமும் அதிர்வையும் வெயிலையும் தாங்கவேண்டும், இழுபடவும் வேண்டும். அதனால் கடையில் கேட்கும்போது தடிமனைவிட மற்ற இரண்டு விஷயங்களைப் பாருங்கள். உள்ளே ஒற்றைக் கம்பியா, பல மெல்லிய இழைகளா? பல இழை உள்ள ஃப்ளெக்ஸிபிள் வயர்தான் வேண்டும். ஒற்றைக் கம்பி வயரை நாலு தடவை மடக்கி நிமிர்த்தினாலே உள்ளே முறியும், வெளி உறை முழுதாக இருப்பதால் முறிந்தது தெரியாது. அடுத்தது, இரண்டு கோர், அதாவது தனித்தனி உறை போட்ட இரண்டு கம்பி, ஒன்றாக வருவதா? இரண்டு தனி வயர்களைவிட ஒரே உறைக்குள் இரண்டு கோர் உள்ளது சுத்தமாக உட்காரும். ஸ்பீக்கருக்குப் போடும் இரட்டை வயரும் நன்றாக வேலை செய்யும், அதில் ஒரு கோரில் கோடு போட்டிருக்கும். கோடு போட்டது எர்த் என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் வண்டி முழுக்க அதையே கடைப்பிடியுங்கள்.

நீளத்தை அளக்கும்போது நூலை வைத்து உண்மையான பாதையிலேயே ஓட்டிப் பாருங்கள். அதற்குமேல் ஒரு சாண் கூட வெட்டுங்கள். குறைவாக வெட்டிவிட்டு நடுவில் ஒட்டுப் போட்டால் அந்த ஒட்டுதான் ஒரு மழைக்காலத்தில் உங்களை நடுரோட்டில் நிறுத்தும்.

வயர் போகும் வழி

மின்சாரம் இந்த வரிசையில் போகவேண்டும்: டைனமோவிலிருந்து முன்விளக்கு, முன்விளக்கிலிருந்து பின்விளக்கு. பின்விளக்கை நேராக டைனமோவோடு சேர்க்காதீர்கள். இன்றைய முன்விளக்குகளில் பின்விளக்குக்கென்றே தனி முனைகள் இருக்கின்றன. முன்விளக்கின் சுவிட்ச் இரண்டையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும், உள்ளே இருக்கும் சர்க்யூட் அதிக வோல்ட்டேஜிலிருந்தும் காக்கும். சில விளக்குகளில் இந்த முனைகளில் ஒரே திசையில் ஓடும் டிசிதான் வரும், அதனால் அங்கே பிளஸ், மைனஸ் பார்த்துச் செருகவேண்டும். நிற்கும்போதும் சில நிமிடம் எரியும் பின்விளக்கில் கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். சிக்னலில் நிற்கும்போது பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரியவேண்டும் என்பதால், முடிந்தால் இந்த வகையையே வாங்குங்கள்.

இனி பாதை. ஹப் டைனமோவின் முனைகள் பெரும்பாலும் வண்டியின் வலப்பக்கம் வருமாறு சக்கரத்தைப் பூட்டுவார்கள். அங்கிருந்து வயர் ஃபோர்க்கின் பின்பக்கமாக ஏறவேண்டும். முன்பக்கம் ஏறினால் வண்டியைச் சாய்த்து வைக்கும் ஒவ்வொரு சுவரும் வயரைத் தேய்க்கும். உட்பக்கம் ஏறினால் போக்ஸ் கம்பி பிடிக்கும். டிஸ்க் பிரேக் இருந்தால் அந்தத் தட்டிலிருந்தும் விலகியே இருக்கட்டும். ஒரு சாணுக்கு ஒரு கேபிள் டை போதும். இறுக்கும்போது வயரின் உறை நசுங்கும் அளவுக்கு இழுக்காதீர்கள். டையின் வாலை வெட்டும்போது அடியோடு வெட்டுங்கள், இல்லையென்றால் அந்தக் கூர் முழங்காலைக் கீறும்.

ஹேண்டில் திரும்பும் இடம்தான் மிக முக்கியம். விளக்கு ஃபோர்க்கின் உச்சியில் இருந்தால் முன்வயருக்குத் தொல்லை இல்லை, அது ஃபோர்க்கோடு சேர்ந்தே திரும்பும். பின்விளக்குக்குப் போகும் வயர்தான் திரும்பும் பாகத்திலிருந்து திரும்பாத பாகத்துக்குத் தாண்டுகிறது. அங்கே ஒரு தளர்ந்த வளைவு விடவேண்டும். எவ்வளவு? ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். இரண்டு கோடியிலும் வயர் விறைக்காமல் இருந்தால் போதும். அதற்குமேல் விட்டால் அது தொங்கி எதிலாவது மாட்டும். பிரேக் கேபிள் பக்கத்திலேயே போனால் வயரை அதன்மேல் கொடிபோலச் சுற்றிவிடுங்கள். பிரேக் கேபிளுக்குச் சரியான வளைவை ஏற்கெனவே யாரோ யோசித்து விட்டிருப்பார்கள், நம் வயரும் அதையே பிடித்துக்கொண்டு போகும். மடக்கு சைக்கிள் என்றால் ஒவ்வொரு மடிப்பிலும் இதே சோதனை: மடக்கி, விரித்துப் பார்த்தபிறகே டையை இறுக்கவேண்டும்.

பின்னால் போக, பாரின் அடிப்பக்கம் சுலபமான வழி. பாரின் மேலே ஓட்டினால் வண்டியைத் தூக்கும் கை வயரையும் சேர்த்துப் பிடிக்கும். சீட்டுக்குக் கீழே இறங்கி, செயின் இல்லாத இடப்பக்கக் குழாய் வழியாகக் கேரியருக்கோ மட்கார்டுக்கோ போகலாம். கேரியரில் வயர் வெளிப்பக்கம் இருக்கக்கூடாது. மூட்டை கட்டும் கயிறோ ரப்பர் டியூபோ மாட்டுவது வெளிப்பக்கத்தில்தான், அவிழ்க்கும் அவசரத்தில் வயரும் சேர்ந்து வரும். கேரியர் கம்பியின் உட்பக்கமாகக் கட்டிவிடுங்கள். மட்கார்டின் விளிம்பு உள்ளே மடிந்திருந்தால் அந்த மடிப்பில் வயர் நன்றாக ஒளிந்துகொள்ளும், ஆனால் டயர் உரசாது என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

முனைகளில்தான் எல்லாம்

வயரின் நடுப்பகுதி பல வருஷம் உழைக்கும். முனைகள்தான் சாகும். செம்புக்குக் களிம்பு ஏறும், அதுவும் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுக்குச் சீக்கிரம் ஏறும். உறையை உரித்த இடத்தில் தொடங்கும் பச்சை மெல்ல உறைக்குள்ளும் ஊர்ந்துபோகும். வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய முனை, டேப்பின் பசை வெயிலில் உருகி நழுவியதும் திறந்துகொள்ளும்.

அதனால் முனைக்கு லக் என்ற உலோகக் கொக்கியை வைத்துக் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது இடுக்கியால் நசுக்கிப் பிடிக்கவையுங்கள். சைக்கிள் விளக்குகளில் தட்டையான லக்குகள்தான் அதிகம், 2.8 மி.மீ., 4.8 மி.மீ. அகலங்களில் வரும். விளக்கில் உள்ள தகட்டை அளந்துகொண்டு வாங்குங்கள். லக்கைப் போடுவதற்கு முன்பே சூடு பட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை வயரில் ஏற்றிவிடுங்கள். பிறகு கிரிம்ப், பிறகு ஸ்லீவைத் தள்ளிச் சூடு காட்டுங்கள். சால்டரிங் வைத்தால் இன்னும் உறுதியாக இருக்குமே என்று கேட்பார்கள். ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒரு விறைத்த கம்பியாக்கிவிடும். அந்த விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு எல்லாம் வந்து குவியும், அங்கேயே வயர் முறியும். ஆடாத இடத்தில் சால்டரிங் நல்லது. சைக்கிளில் ஆடாத இடம் குறைவு.

தண்ணீருக்கு ஒரு சின்ன உபாயம் உண்டு. முனைக்குள் நுழைவதற்குச் சற்று முன் வயரைக் கீழே தொங்கவிட்டு, பிறகு மேல்நோக்கி ஏற்றிச் செருகுங்கள். வயரோடு வழிந்துவரும் மழைநீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிப்போகும், முனைக்குள் போகாது.

ஷிமானோ ஹப்பின் பிளாஸ்டிக் செருகியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் புதிதாகச் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இதில் லக் கிடையாது. உரித்த இரண்டு முனைகளையும் நன்றாக முறுக்கி, செருகியின் இரண்டு துளைகள் வழியாக விட்டு, வெளியே வந்த இழைகளை மடித்து அதன் பள்ளத்தில் படியவைத்து, மேலே மூடியை அழுத்தவேண்டும். உறை தடித்த வயர் துளைக்குள்ளேயே போகாது. நான் முதன்முதலில் இதைச் செய்தபோது எல்லாம் சரியாக உட்கார்ந்தது, மூடியும் 'டக்' என்று விழுந்தது, விளக்கு மட்டும் எரியவில்லை. விளக்கைக் கழற்றினேன், சுவிட்சைப் பார்த்தேன், ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போயிற்று. கடைசியில் வெயிலில் வைத்துச் செருகியை உற்றுப் பார்த்தபோது, தலைமுடி கனத்தில் ஒரே ஒரு செம்பு இழை இந்தப் பள்ளத்திலிருந்து அந்தப் பள்ளத்துக்குத் தாண்டிக் கிடந்தது. அரை ஆம்பியரும் அந்த இழை வழியாகவே குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அதை நறுக்கியதும் விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து உரித்தவுடன் இழைகளை எண்ணாத குறையாக முறுக்குகிறேன், பிதுங்கி நிற்பதை வெட்டாமல் மூடியை வைப்பதில்லை.

எர்த் சண்டை

இந்தக் கோளாறு அனுபவசாலிகளையும் குழப்பும். விளக்கைக் கையில் பிடித்துச் சோதித்தால் எரியும். வண்டியில் திருகிப் பூட்டியதும் அணைந்துவிடும்.

ஷிமானோவின் பல ஹப்களில் இரண்டு முனைகளில் ஒன்று ஹப்பின் அச்சோடு, அதாவது வண்டியின் உடம்போடு சேர்ந்தது. உலோக உடல் கொண்ட சில விளக்குகளிலும் ஒரு முனை விளக்கின் உடலோடு சேர்ந்திருக்கும். ஹப்பின் எர்த் முனையை விளக்கின் எர்த் முனையோடு சேர்த்தால் ஒன்றும் ஆகாது. மாற்றிச் சேர்த்துவிட்டால், விளக்கைப் பூட்டிய கணமே வண்டியின் உடம்பு இரண்டு வயரையும் இணைத்து ஷார்ட் ஆக்கிவிடும். ஏசிதானே, எப்படிச் செருகினால் என்ன என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் ஏமாற்றும். ஹப்பில் முனைகளுக்குக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். கோடு போட்ட கோரை எர்த்தோடு சேர்ப்பது என்று முன்பே முடிவு செய்திருந்தால் இந்தச் சண்டையே வராது. வந்துவிட்டால், ஹப்பில் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் போட்டாலே தீர்ந்துவிடும்.

எரியவில்லை என்றால்

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் பத்து நிமிட வேலை. முதலில் ஹப்பின் செருகியைக் கழற்றுங்கள், மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஹப்பின் முனைகளில் தொட்டுப் பிடியுங்கள், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வோல்ட் காட்டினால் டைனமோ நலம். அடுத்து, செருகியை மாட்டிவிட்டு முன்விளக்குப் பக்கத்து முனைகளைக் கழற்றி அங்கே பாருங்கள். ஹப்பில் வந்தது இங்கே வரவில்லை என்றால் கோளாறு நடுவில்தான். வயர் அறுந்ததா, ஷார்ட்டா என்று தெரிய இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு, மீட்டரை பீப் சத்தம் தரும் இடத்துக்கு மாற்றி ஒவ்வொரு கோராகப் பாருங்கள். பார்க்கும்போதே வயரை அங்கங்கே ஆட்டுங்கள், லூஸ் கான்டாக்ட் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

பேட்டரி வைத்து எல்இடி முன்விளக்கைச் சோதிக்கவேண்டாம். கரன்ட்டை டைனமோ அரை ஆம்பியரில் நிறுத்திவிடும் என்று நம்பிச் செய்த விளக்கு அது. பேட்டரிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, விளக்கு கெட்டுப்போகக்கூடும்.

மெதுவாக உருட்டும்போது விளக்கு துடித்து எரிந்தால் அது கோளாறு அல்ல. வேகம் குறைந்தால் அதிர்வெண்ணும் குறைவு, கண்ணுக்குத் துடிப்பு தெரியும். பள்ளத்தில் விழும்போது மட்டும் அணைந்து எரிந்தால் முனைகளைப் பாருங்கள். மழையில் மட்டும் என்றால், பாட்டில் டைனமோவில் வழுக்கல், ஹப் டைனமோவில் களிம்பு. களிம்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும்.

அப்புறம், பஞ்சர். முன்சக்கரத்தைக் கழற்றும் முன் செருகியைக் கழற்றுங்கள். இருட்டில், அவசரத்தில் இதை மறந்து சக்கரத்தை இழுத்தால் முனை பிய்ந்துவரும். நான் ஹப்புக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளம் கூடுதலாக வயர் விட்டு, செருகியின் மேல் சிவப்பு டேப் ஒட்டிவைக்கிறேன். டார்ச் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு கண்ணில் பட்டால் கை தானாக அங்கே போகும்.

அப்பாவின் சைக்கிள் இன்னும் இருக்கிறது. போன மாசம் அதைத் துடைத்து எண்ணெய் விட்டபோது, டைனமோ கிளாம்பிலிருந்து விளக்கின் தகர உடலுக்கு இரண்டாவது வயர் ஒன்றை இழுத்தேன், இரண்டு முனையிலும் லக் வைத்தேன். அந்தக் கூர்முனைத் திருகு இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதைக் கழற்ற மனசு வரவில்லை. இரவு எட்டு மணிக்குமேல் எடுத்துக்கொண்டு ரயில்வே கேட் வரை போனேன். தண்டவாளம் தாண்டும்போது வண்டி தடதடவென்று குலுங்கியது. விளக்கு ஒருமுறைகூட அணையவில்லை.